எட்டே முக்கால் தலை உயரம்: ஒரு படப் பாடப் புத்தகத்தைப் பற்றி

எங்கள் வகுப்பில் மனித உருவம் வரையத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் ஒரு காகிதக் கீற்றைக் கிழித்துக் கொடுப்பேன். எதிரே நிற்கிறவரின் உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை எவ்வளவு என்று அதில் குறித்துக்கொண்டு, அந்த அளவைப் பாதம் வரைக்கும் அடுக்கிக்கொண்டே வர வேண்டும். பெரும்பாலானவர்கள் ஏழு தலை, ஏழே கால் தலை வருவார்கள். ஏழரை வந்தால் நல்ல வாட்டசாட்டமான ஆள் என்று அர்த்தம்.

அதே கீற்றை வைத்து ஒரு அமெரிக்க சூப்பர் ஹீரோவை அளந்தால் எட்டே முக்கால் வரும். அப்படித்தான் வரைய வேண்டும் என்று அளவு போட்டுச் சொல்லித் தரும் புத்தகமே இருக்கிறது. அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டான் லீ எழுத, அங்கே வரைந்த ஓவியர் ஜான் பியூசெமா படம் வரைய, 1978இல் வெளிவந்த 'ஹவ் டு டிரா காமிக்ஸ் த மார்வெல் வே'. சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு வருஷமாக வகுப்பில் அதை வைத்துப் பாடம் நடத்துகிறேன். வாங்கலாமா என்று கேட்கிற பெற்றோருக்கும், காமிக்ஸ் வரையக் கற்றுக்கொள்ள நினைக்கிற இளைஞர்களுக்கும் என் பதில் இதுதான்: வாங்குங்கள். ஆனால் அதில் பெண் உருவம் வருகிற பக்கங்களுக்குப் போகும்போது என் கூட உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போங்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வேலூரில் பதினைந்து வருஷம் சினிமா பேனரும் கட்-அவுட்டும் வரைந்தவன். பிளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் முடிந்துபோனது. இப்போது வீட்டு மாடியில் ஓவிய வகுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போய் வந்து சாயங்காலம் வருகிற இரண்டு மூன்று பேர். எல்லோருக்கும் நான் 'மாஸ்டர்'.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. பியூசெமா நியூயார்க்கில் நடத்திய காமிக்ஸ் வகுப்பிலிருந்து பிறந்த புத்தகம் இது. அதனால் வகுப்பறையின் வாசனை அதில் இருக்கிறது. உருண்டை, கனசதுரம், உருளை, இந்த மூன்றை வைத்தே எதையும் கட்டலாம் என்று தொடங்குகிறார்கள். பிறகு தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிகிற 'பெர்ஸ்பெக்டிவ்'. பிறகு உருவம். அதற்குப் பிறகு வருகிற 'ஆக்‌ஷன்' பாடம்தான் இந்தப் புத்தகத்தின் உயிர். ஒரு ஆள் குத்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாதாரணமாக வரைந்தால் எப்படி இருக்கும், உடம்பு முழுவதையும் ஒரே வீச்சில் வளைத்து வரைந்தால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். முதுகெலும்பு வழியாக ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டை முதலில் இழுத்துவிட்டு, குச்சி உருவம் கட்டி, அதன் மேல் சதையைப் போடச் சொல்கிறார். அந்தப் பாடத்தைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இருபது வருஷம் முன்னால் இது என் கையில் கிடைத்திருந்தால் என் கட்-அவுட்டுகள் வேறு மாதிரி நின்றிருக்கும்.

முன்குறுக்கத்துக்கும் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கை நம்மை நோக்கி நீளும்போது முஷ்டி பெரிதாகி, தோள் சின்னதாகிப் பின்னால் போகும் அல்லவா, அதை உருளைகளை அடுக்கி விளக்குகிறார். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். மை போடுகிற பகுதியும் கருவிகள் பகுதியும் கொஞ்சம் பழசு. டேப்லெட்டில் வரைகிறவர்களுக்கு அது தேவைப்படாது.

இப்போது உருவப் பாடத்துக்கு வருகிறேன். சாதாரண மனிதன் ஆறரைத் தலை என்கிறது புத்தகம். அப்படியே வரைந்தால் ஹீரோ குள்ளமாக, தொளதொளவென்று தெரிவான். அதனால் எட்டே முக்கால் தலைக்கு இழுத்து, தோளை விரித்து, இடுப்பைச் சுருக்கு என்கிறது. இதில் எனக்குச் சண்டை இல்லை. கதை சொல்கிற கலைக்கு மிகை வேண்டும். நாற்பதடி கட்-அவுட் வரைந்தவன் அதை மறுக்க முடியாது.

பெண்ணுக்கும் உயரத்தில் கஞ்சத்தனம் இல்லை, நெடுநெடுவென்றுதான் நிற்கிறாள். ஆனால் அங்கே ஒரு விதி வருகிறது. பெண்ணின் உடம்பில் தசையை அழுத்திக் காட்டாதே, அவள் பலசாலி என்று வைத்துக்கொண்டாலும் மழமழப்பாக, மென்மையாகத் தெரியும்படி வரை, கோணமும் முறுக்கும் ஆணுக்கு உரியவை. அந்த விதியின் சாரம் இவ்வளவுதான். அதற்கு முன்னால் பல பக்கங்கள் தோள் எப்படித் தொடங்குகிறது, தொடை எங்கே முறுக்கேறுகிறது என்று ஆணின் உடம்பைக் கழற்றிக் கழற்றிக் காட்டிய அதே புத்தகம், பெண்ணிடம் வந்ததும் அந்தப் பாடத்தை மூடிவைத்துவிடுகிறது.

இதை நான் வருஷக்கணக்காகப் படித்துக் கடந்துபோயிருக்கிறேன். ஒரு பொண்ணு வந்துதான் என்னை நிறுத்தினாள்.

சத்துவாச்சாரியிலிருந்து வருகிற கல்லூரி மாணவி. வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சத்துவாச்சாரி பளு தூக்குகிறவர்களின் ஊர். அங்கே பிள்ளைகள் காலையில் ஐந்தரைக்கெல்லாம் பளு மாட்டுகிற இரும்புக் கம்பிக்கு, அதாவது பாருக்கு, பக்கத்தில் நிற்பார்கள். இவளும் அப்படி வளர்ந்தவள். கை நிறையச் சுண்ணப்பொடி காய்ந்த வெடிப்பு. என் வகுப்புக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"மாஸ்டர், இவங்க ஒருத்தர தூக்கி வீசுவாங்கன்னு கதையில வருமா?"

"வரும்மா."

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படி மாஸ்டர்? முட்டிக்கு மேல ஒண்ணுமே இல்லையே. இதோட ஸ்குவாட் போட்டா எந்திரிக்கவே முடியாது."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளையே மாடலாக நிற்கச் சொன்னேன். ஒட்டடைக் குச்சியை பார் மாதிரி பிடித்துக்கொண்டு, பளுவை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குகிற ஸ்னாட்ச் எடுத்து உட்கார்கிற நிலையைக் காட்டினாள். தலைக்கு மேலே குச்சி, முழுக்கை நீட்டி, இடுப்பு கிட்டத்தட்ட குதிகாலைத் தொடும் அளவுக்குக் கீழே, மார்பு நிமிர்ந்து. சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து வரைந்தார்கள். அப்போது நான் பார்த்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவளுடைய பாதம் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி, குதிகால் தரையில் பதிந்து இருந்தது. சும்மா பட்டிருக்கவில்லை, தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் விரிந்து நின்றது. கெண்டைக்கால் பக்கவாட்டில் திரண்டிருந்தது. முட்டிக்கு மேலே உள்பக்கமாக ஒரு உருண்டை, மாங்கொட்டை அளவுக்கு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் நேர்க்கோடு இல்லை, ஒரு மேடு இருந்தது. முதுகில் அக்குளுக்குக் கீழே விரிந்து இறங்குகிற தசை. இத்தனையும் இருந்தும் அவள் பெண்ணாகத்தான் தெரிந்தாள். தோளோடு ஒப்பிட்டால் இடுப்பெலும்பின் அகலம் ஆணுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. முழங்கை நீட்டும்போது ஆண் கையைவிடச் சற்று வெளிப்பக்கம் சாய்ந்தது. உண்மையான வித்தியாசங்கள் இவை. எலும்பில் இருப்பவை. இவற்றை வரைந்தால் போதும், பெண் உடம்பு தானாக வந்துவிடும். தசையைத் துடைத்தெடுக்க வேண்டிய அவசியம் எங்கேயும் இல்லை. தசைகளின் பட்டியலும் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே.

ஆனால் வரைந்தவர்களில் ஒரு பையன், நல்ல கை உள்ளவன், காமிக்ஸ் பார்த்தே வளர்ந்தவன், ஒல்லிக் கையும் ஊசிக் காலுமாக ஒரு பொண்ணை வரைந்திருந்தான். பாதம் நுனிவிரலில் நின்றது. அவள் அவனுக்கு ஐந்தடி தூரத்தில் குதிகாலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அவன் கண் பார்த்ததைக் கை ஏற்றுக்கொள்ளவில்லை. கை ஏற்கெனவே வேறு எங்கோ படித்து முடித்துவிட்டது.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். "இது நான் இல்ல அண்ணா," என்று சொல்லி அவன் பென்சிலையே வாங்கி, முட்டிக்கு மேலே அந்த உருண்டையை மட்டும் வரைந்துவிட்டுப் போனாள். ஒரே ஒரு கோடு. கால் முழுதும் எடை ஏறிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து என்னிடம் இருந்த காமிக்ஸ்களில் பாதத்தை மட்டும் பார்த்தேன். ஆண்கள் தரையில் நிற்கிறார்கள், கால் அகட்டி, உள்ளங்கால் முழுதும் ஊன்றி. பெண்கள் ஒரு காலில் எடையைப் போட்டு, இன்னொரு முட்டியை உள்ளே மடித்து, குதிகாலைத் தூக்கி நிற்கிறார்கள். காற்றில் பறக்கும்போதுகூட ஆணின் பாதம் உதைக்கத் தயாராக இருக்கிறது, பெண்ணின் பாதம் நடனக்காரியின் பாதம் போல நுனி நீட்டி இருக்கிறது. முகமும் அப்படித்தான். ஆண்களுக்கு உடைந்த மூக்கு, சதுரத் தாடை, குழி விழுந்த கன்னம் என்று பல முகம். பெண்களில் முடியின் நிறத்தை மாற்றினால் ஒருத்தி இன்னொருத்தியாகிவிடுவாள் என்பது போலப் பல பக்கங்கள்.

மை போடுகிற கையும் இதில் கூட்டு. ஆண் உடம்பில் தூரிகை சின்னச் சின்னச் சிராய்ப்பாக உள்ளே புகுந்து தசையைச் செதுக்கும், கறுப்பைத் திட்டுத் திட்டாக வைக்கும். பெண் உடம்பில் வெளிக்கோடு ஒன்றே நீளமாக வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே எதுவும் இருக்காது. முகத்தில் ஒரு கோடு கூடினால் வயது கூடிவிடும் என்ற பயம். இந்தப் பயத்தை நான் நன்றாக அறிவேன். பேனர் வரைந்த காலத்தில் ஹீரோ முகத்தில் தட்டைக் கத்தியால் நீலம், பச்சை, சிவப்பு என்று அப்பிவிடுவோம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சேர்ந்து முகம் ஜொலிக்கும். ஹீரோயின் முகத்துக்கு வரும்போது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், "அங்க கத்தி வைக்காதடா" என்பார். உலர்ந்த பிரஷ்ஷால் இழைத்து இழைத்து, மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற நிழலைக்கூட அழித்துவிடுவோம். பதினைந்து வருஷம் நான் அதைச் செய்தேன். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் புத்தகத்தின் அந்த விதி எனக்கு உறுத்தாமல் போனது.

பியூசெமாவைக் குறை சொல்லி ஒதுக்குகிற ஆள் நான் இல்லை. உடம்பை அவர் அளவுக்கு அறிந்து வரைந்தவர்கள் அந்தத் துறையில் வெகு சிலர். சில்வர் சர்ஃபர், கோனன் என்ற இரண்டு காமிக்ஸ் தொடர்களிலும் அவர் வரைந்த ஆண்களின் முதுகை மணிக்கணக்காகப் பார்க்கலாம். அதனாலேயே எனக்கு வருத்தம். புத்தகம் வந்து இரண்டு வருஷத்தில், 1980 பிப்ரவரி தேதியிட்ட முதல் இதழோடு ஷீ-ஹல்க் வருகிறாள். அந்த முதல் இதழை வரைந்தவரும் அவர்தான். ஜெனிஃபர் வால்டர்ஸ் ஒரு வக்கீல். அடிபட்டுக் கிடந்தபோது, ஹல்க் என்ற பச்சை ராட்சசனாக மாறுகிற புரூஸ் பேனரின், அதாவது அவளுடைய தாய்மாமன் மகனின் ரத்தம் ஏற்றப்பட்டு அவளும் பச்சையாக மாறுகிறாள். ரத்தம் ஒன்றுதான். அதே ரத்தம் அவனைப் புருவம் புடைத்த, கழுத்தே இல்லாத, மலை மாதிரியான உருவமாக ஆக்குகிறது. அவளையோ உயரமான, பச்சை நிறமான, அழகான பெண்ணாக ஆக்குகிறது. புத்தகத்தின் விதி கதைக்குள் எப்படி இறங்கி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2018இல் தொடங்கிய அவெஞ்சர்ஸ் தொடரில் அவளைத் திரண்ட தோளும் தடித்த கையுமாக, ஹல்க்கின் ரத்தத்துக்கு உரியவளாக வரைந்தார்கள். முதல் இதழ் வந்து முப்பத்தெட்டு வருஷம் கழித்து.

தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வொண்டர் வுமன் என்ற பெண் சூப்பர் ஹீரோ 1941இல் வந்தபோது அவளை வரைந்தவர் ஹெச். ஜி. பீட்டர், அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. தடித்த மைக்கோடு, உறுதியான கை கால். அவள் ஓடினால் தரை அதிரும் என்று நம்பலாம். 1954இல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பு போட்டுக்கொண்டார்கள். அதில் பெண்களை இயல்பாக வரைய வேண்டும், உடல் அங்கங்களை மிகைப்படுத்தக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. ஒழுக்கத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் எழுதப்பட்டது அது, பெண்ணின் பலத்தைப் பற்றிய கவலை அதில் கிடையாது. ஆனாலும் அப்படி ஒரு வரி எழுத வேண்டிய அளவுக்குப் பழக்கம் அப்போதே இருந்தது என்பது தெரிகிறது. வொண்டர் வுமனுக்கு ஒரு முழுத் தொடரை ஒரு பெண் முதன்முதலாக வரைந்தது 1986இல், டிரினா ராபின்ஸ். பாத்திரம் பிறந்து நாற்பத்தைந்து வருஷம் கழித்து. பெண்ணின் பாதம் தரையில் எப்படி ஊன்றும் என்பதைத் தன் உடம்பாலேயே அறிந்த ஒருத்தி கையில் பென்சில் போய்ச் சேர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

1990களைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஆணும் பெண்ணும் இரண்டு பேருமே ஊதிப் பெருத்தார்கள். ஆணுக்குத் தசை மேல் தசை, பெண்ணுக்கு இடுப்பே இல்லாத அளவுக்கு ஒடுக்கம். மார்பும் பின்புறமும் ஒரே சமயத்தில் நமக்குத் தெரிய வேண்டும் என்று முதுகெலும்பை முறுக்கி வரைகிற பழக்கம் அப்போது நன்றாக வேரூன்றியது. அந்த முறுக்கலை இந்தப் புத்தகம் கற்றுக்கொடுக்கவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன். பியூசெமா உருவங்களின் முதுகெலும்பு எப்போதும் முதுகெலும்புதான்.

2014இல் ஸ்பைடர் வுமன் முதல் இதழுக்கு இத்தாலிய ஓவியர் மிலோ மனாரா ஒரு மாற்று அட்டை வரைந்தார். மாடி விளிம்பில் தவழ்ந்து ஏறுகிற நிலை. உடை, உடம்பின் மேல் பூசிய சாயம் போல இருந்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஸ்பைடர் மேனும் இப்படித்தானே தவழ்கிறான் என்று ஆதரித்தவர்களும் இருந்தார்கள். ஒரு சாயங்காலம் என் நண்பர், அவரும் பழைய பேனர்க்காரர், இதே வாதத்தை என்னிடம் வைத்தார். "ஆம்பளையையும்தான் இல்லாத சதையெல்லாம் போட்டு வரையறான். அவனும் ஒட்டுன டிரஸ்தான் போட்டிருக்கான். அதுக்கு யாரும் கோவப்படலையே?"

நல்ல கேள்வி. அவருக்கு நான் பதிலை வரைந்துதான் காட்டினேன். ஒரே நிலை, சுவரில் தவழ்ந்து ஏறுவது. ஒன்றில் எடை கையிலும் பாதத்திலும் இருக்கும்படி, அடுத்த நொடி தாவப்போகிற மாதிரி. இன்னொன்றில் எடை எங்கேயும் இல்லாதபடி, இடுப்பை மட்டும் உயர்த்தி. "இந்த ரெண்டுல யாரு சுவர் ஏறுவா, சொல்லு." அவர் முதல் படத்தைக் காட்டினார். மிகை இரண்டிலும் உண்டு. ஆணின் மிகை அவன் செய்யப்போகிற காரியத்துக்காக, அதை வாசிக்கிற பையன் தானும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். பெண்ணின் மிகை அவளைப் பார்க்கிறவனுக்காக. என் நண்பர் ரொம்ப நேரம் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். தாளை மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனார்.

தசை இருந்தால்தான் பலம் என்றும் நான் சொல்லவில்லை. மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி புடைப்புச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துர்க்கை மெலிந்த உடம்புதான். சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைக்கிறாள், எதிரே மகிஷன் பின்னால் சாய்கிறான். பலம் அவள் முன்னே பாய்கிற சாய்வில் இருக்கிறது. அந்தச் சிற்பிகள் ஆண் தெய்வங்களையும் முறுக்கிய தசை இல்லாமல்தான் செதுக்கினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே இலக்கணம். அமெரிக்க காமிக்ஸில் பலத்தைத் தசையால்தான் எழுதுகிறார்கள். அந்த மொழியில் பெண்ணுக்கு மட்டும் எழுத்தைக் குறைத்துக் கொடுத்தால் அவள் எதைக் கொண்டு பேசுவாள்?

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன, அவற்றையும் வகுப்பில் காட்டுகிறேன். மார்வெல் கதைகளில் வருகிற கரோல் டான்வர்ஸ் விமானப்படைக்காரி. ஆனால் 1978 முதல் அவளுக்குக் கறுப்பு நீச்சலுடை மாதிரி ஒரு உடை. 2012இல் அவள் கேப்டன் மார்வெல் ஆனபோது ஜேமி மெக்கெல்வி விமானியின் முழு உடை போலப் புதிதாக வடிவமைத்தார். கழுத்துப் பட்டி, முழுக்கை, தட்டையான பூட்ஸ். 2014இல் தனித் தொடராக வந்த கமலா கான், ஜெர்சி சிட்டியில் வளர்கிற பாகிஸ்தானிய வம்சாவளிப் பொண்ணு. அவளுக்கு நீளமான மேலாடை, கால்சராய், கழுத்தில் துப்பட்டா போன்ற ஒரு துணி. ஏட்ரியன் அல்ஃபோனா அவளை வரைந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவளுடைய சக்தியால் முஷ்டி பெரிதாகும்போது உடம்பு தடுமாறுகிறது, கால் இடறுகிறது, மூக்கு மூக்காக இருக்கிறது. முதல் தொகுப்புக்கு 2015இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. நிக்கோலா ஸ்காட் 2016இல் வரைந்த வொண்டர் வுமனையும் தேடிப் பாருங்கள், தோளைப் பார்த்தாலே வாள் பிடிக்கிறவள் என்று தெரியும்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். யார் வாங்கலாம்? பன்னிரண்டு வயதுக்கு மேல், ஏற்கெனவே கொஞ்சம் கை பழகிய யாரும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இது பாரம், அவர்கள் சும்மா வரையட்டும். ஆங்கிலம் எளிமைதான், ஸ்டான் லீ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறார். ஆங்கிலம் வராத பிள்ளைகளும் படத்தைப் பார்த்தே முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்கிறார்கள். மொத்தம் 160 பக்கம். ஆக்‌ஷன், முன்குறுக்கம், பக்க அமைப்பு ஆகிய பாடங்களுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். பெண் உருவத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் எலும்பின் அளவுகளுக்காக.

அந்தப் பாடத்தை நடத்தும்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம். முதலில் ஆண் உருவப் பக்கங்களைப் பெண் உருவத்துக்கும் சேர்த்தே படிக்கச் சொல்வேன். தோள், முதுகு, தொடை எல்லாம் அங்கே இருக்கிறது. அதற்குப் பிறகு விளையாட்டு வீராங்கனைகளின் புகைப்படங்களைக் கொடுப்பேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் மீராபாய் சானு 115 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்திய படம் கட்டாயம் உண்டு. 49 கிலோ எடைப் பிரிவு, ஐந்தடிகூட இல்லாத உயரம். எட்டே முக்கால் தலைக்கு அவரை இழுத்தால் என்ன போய்விடுகிறது என்று அந்தப் படத்தை வரைந்து பார்த்தால் தெரியும். பலம் இருப்பது அந்தக் குட்டையான, அடர்ந்த கட்டுமானத்தில்தான். பிறகு ஒரே நிலையை ஆணாகவும் பெண்ணாகவும் இரண்டு தடவை வரையச் சொல்வேன். நிபந்தனை ஒன்றுதான்: பாதம் இரண்டிலும் ஒரே மாதிரி ஊன்ற வேண்டும். பாதம் சரியாக வந்தால் முட்டி சரியாகும், முட்டி சரியானால் இடுப்பு தானாகத் தன் இடத்துக்கு வரும். கீழிருந்து மேலே வரைகிற இந்த முறை புத்தகத்தில் இல்லை, என் வகுப்பில் பழகிவந்தது.

சத்துவாச்சாரிப் பொண்ணு போன மாதம் தன்னையே வரைந்து கொண்டுவந்தாள். பாரைத் தூக்கி முடித்து, கால் நிமிர்ந்து நிற்கிற நிலை. கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வரைந்திருக்கிறாள். கோடு இன்னும் தடுமாறுகிறது, கை விரல்கள் சரியில்லை. ஆனால் கழுத்துக்குப் பக்கத்தில் அந்த மேடு இருக்கிறது. தாளின் கீழ்ப்பகுதியில் ரப்பர் போட்டுத் தேய்த்த தடம், குதிகாலை நாலைந்து தடவை அழித்து வரைந்திருக்கிறாள். தாள் அங்கே மெலிந்தே போயிருக்கிறது.

அவளிடம் கேட்டு அந்தத் தாளை வாங்கி, புத்தகத்தில் பெண் உருவம் வருகிற பக்கத்துக்கு எதிரில் ஒட்டிவைத்தேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் புத்தகத்தைப் புரட்டி அங்கே வந்து நின்றான். காகிதக் கீற்றை எடுத்து முதலில் அச்சடித்த படத்தை அளந்தான், அப்புறம் அவள் வரைந்ததை அளந்தான். ஆறே முக்கால் வந்தது. இன்னொரு தடவை அளந்துவிட்டு, "மாஸ்டர், இவங்க எவ்வளவு தூக்குவாங்க?" என்று கேட்டான்.